மீண்டும் குதிரையேறும் நாள்

"எப்போது வண்டி எடுக்கலாம், டாக்டர்?"

தலையில் அடிபட்டு எங்கள் நரம்பியல் பிரிவில் சேர்க்கப்படுவோர், சற்றுத் தெளிந்து எழுந்து அமர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. கேட்பவர் சங்ககிரியைச் சேர்ந்த லாரி ஓட்டுநராக இருப்பார். அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளியாகவோ, கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றும் இளைஞராகவோ, விசைத்தறிக்கு நூல் கொண்டு செல்பவராகவோ இருப்பார். சேலம், நாமக்கல் சமவெளியில் பல குடும்பங்களின் பிழைப்பு சக்கரங்களை நம்பியே நடக்கிறது. ஆகவே இக்கேள்வியில் குறை காண்பதற்கில்லை. அதற்கு நாங்கள் நெடுங்காலம் அளித்துவந்த விடையில்தான் குறை இருந்தது. அதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் ஒளிவின்றிச் சொல்லவிருக்கிறோம்.

அதற்கு முன், வாசகர்களுக்கு ஒரு குதிரையேற்ற வீரரை அறிமுகம் செய்ய விரும்புகிறோம். மருத்துவமனை இதழில் குதிரைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். விழுந்தவர் மீண்டும் எப்போது ஏறலாம் என்னும் கேள்விக்கு, உயிரிழப்புகளைக் கண்ட பின் தெளிவான விடை வகுத்துக்கொண்ட விளையாட்டு ஒன்று உண்டு. நம் நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் அதில் கற்றுக்கொள்ளப் பல செய்திகள் உள்ளன.

மூன்று தேர்வுகள், ஒரே குதிரை

குதிரை நம் பகுதிக்குப் புதிதன்று. கொல்லிமலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். அவனோடு பொருத காரியின் குதிரைக்கும் காரி என்பதே பெயர். சிறுபாணாற்றுப்படை வழியே நாம் அறியும் செய்தி இது. ஏறுபவனையும் ஏந்திச் செல்வதையும் ஒரே பெயரால் அழைக்கும் அளவுக்கு இருவரும் ஒன்றியிருந்தனர் போலும். இன்றும் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவின்போது கூடும் குதிரைச் சந்தையைக் காணக் குழந்தைகளோடு செல்லும் குடும்பங்கள் நம் பக்கத்தில் பல உள்ளன.

ஆனால் ஈவண்டிங் எனப்படும் மூன்று நாள் குதிரையேற்றப் போட்டியை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. குதிரைப்படையின் குதிரைகளையும் வீரர்களையும் சோதிப்பதற்காக ஐரோப்பியப் படைகள் வகுத்த தேர்வே இதன் மூலம். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. தொடக்கத்தில் படை அதிகாரிகளே கலந்துகொண்டனர். 1952இல் மற்றவர்களுக்கும், 1964இல் பெண்களுக்கும் ஒலிம்பிக்கில் வழி திறந்தது. இன்று ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில், ஒரே பட்டியலில் போட்டியிடுகின்றனர்.

ஒரு வீரரும் ஒரு குதிரையும் சேர்ந்து மூன்று தேர்வுகளைக் கடக்க வேண்டும். முதலாவது டிரஸ்ஸாஜ். வரையறுத்த மைதானத்தில் நடை, ஓட்டம், திருப்பம் ஆகியவற்றைக் குதிரை எவ்வளவு அமைதியோடும் ஒழுங்கோடும் செய்கிறது என்று நடுவர்கள் பார்ப்பார்கள். இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. மேடு, பள்ளம், நீர்நிலை, மரக்கட்டைத் தடைகள் ஆகியவற்றைக் குறித்த நேரத்துக்குள் தாண்டி ஓட வேண்டும். ஆபத்து மிகுந்த பகுதி இதுவே. மூன்றாவது ஷோ ஜம்பிங். இலேசாகத் தொட்டாலே விழுந்துவிடும் கம்புகளின் மேல் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் தண்டப்புள்ளி உண்டு. முடிவில் தண்டப்புள்ளி குறைந்தவரே வெற்றியாளர்.

அமைதி, துணிவு, துல்லியம் ஆகிய மூன்றையும் ஒரே உடலிடம் அடுத்தடுத்து எதிர்பார்க்கும் போட்டி இது. துணிவு மட்டும் உடையவர் இதில் வெல்ல இயலாது.

பெங்களூரிலிருந்து டோக்கியோ வரை

ஃபவாத் மிர்சா 1992இல் பெங்களூரில் பிறந்தவர். அவருடைய தந்தை குதிரைகளுக்கு மருத்துவம் செய்யும் கால்நடை மருத்துவர். ஆகவே குதிரைகளின் நடுவிலேயே வளர்ந்த ஃபவாத், சிறு வயதிலேயே குதிரையேறக் கற்றார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று, உலகின் முன்னணி வீராங்கனைகளிடம் பயிற்சி பெற்றார். அவர்களுள் ஒருவரான சாண்ட்ரா அவுஃபார்த், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அணிக்கான தங்கமும் 2014இல் உலகப் பட்டமும் வென்றவர்.

இந்தியாவுக்கு இவ்விளையாட்டில் ஒரு பொற்காலம் இருந்தது. 1982ஆம் ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில், ரகுபீர் சிங் ஷாஜாதா என்னும் குதிரையில் தனிநபர் தங்கம் வென்றார். அணிக்கான தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது. அதன் பின் 36 ஆண்டுகள் குதிரையேற்றத்தில் இந்தியர் எவரும் ஆசியத் தனிநபர் பதக்கம் பெறவில்லை. 2018இல் ஜகார்த்தாவில் ஃபவாத் அந்த நீண்ட இடைவெளியை முடித்துவைத்தார். சென்யோர் மெடிகாட் என்னும் குதிரையில் 26.40 தண்டப்புள்ளிகளுடன் தனிநபர் வெள்ளியும், ராகேஷ் குமார், ஆஷிஷ் மாலிக், ஜிதேந்தர் சிங் ஆகியோருடன் சேர்ந்து அணிக்கான வெள்ளியும் வென்றார். மறு ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

இனிச் சொல்லப்போவதே எங்கள் கருத்தைக் கவர்ந்த பகுதி. ஜகார்த்தா வெற்றிக்குப் பின், காயத்தின் காரணமாக மெடிகாட் நெடுங்காலம் போட்டிகளிலிருந்து விலகியிருக்க நேர்ந்தது. ஒலிம்பிக் தகுதிக்கான காலமோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளி வென்று தந்த குதிரையை விரைந்து களத்தில் இறக்கும் ஆசை எவருக்கும் எழும். ஆனால் 2019இல் ஃபவாத் தகுதிக்கான தரவரிசைப் புள்ளிகளை ஈட்டியது ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் என்னும் வேறு இரு குதிரைகளின் மேல். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இம்தியாஸ் அனீஸ் பங்கேற்ற பின், 20 ஆண்டுகளாக எந்த இந்தியரும் பெறாத ஒலிம்பிக் இடம் இவ்வாறு கைக்கு வந்தது. மெடிகாட் குணமடைந்து, 2021 மே மாதம் போலந்தில் நடந்த போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தேவையான தகுதி அளவை எட்டிய பிறகே, டோக்கியோவுக்கான குதிரையாகத் தேர்வு பெற்றது.

குணமாகும் காலத்தை நாள்காட்டியால் குறைத்துவிட முடியாது. அக்காலத்தில் செய்யத்தக்க வேறு வேலையைச் செய்துகொண்டு காத்திருக்க மட்டுமே முடியும். ஃபவாத்தின் வாழ்க்கையில் இப்பகுதியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

பொய் சொல்லத் தெரியாத நோயாளி

டோக்கியோவில் டிரஸ்ஸாஜ் தேர்வின் முடிவில் ஃபவாத் 28.00 தண்டப்புள்ளிகளுடன் 9ஆம் இடத்தில் இருந்தார். கிராஸ் கன்ட்ரி தேர்வை 7 நிமிடம் 45 வினாடியில் முடிக்க வேண்டும். அவர் 8 நிமிடம் 13 வினாடி எடுத்துக்கொண்டார். தாமதமான ஒவ்வொரு வினாடிக்கும் 0.4 வீதம், 28 வினாடிக்கு 11.20 தண்டப்புள்ளிகள் சேர்ந்தன. 22ஆம் இடத்துக்கு இறங்கினார். ஆயினும் எந்தத் தடையிலும் குதிரை தயங்கவில்லை, வீரர் விழவில்லை. அதே ஓட்டத்தில் சுவிட்சர்லாந்து வீரர் ஒருவரின் ஜெட் செட் என்னும் குதிரைக்குக் காலில் தசைநார் கிழிந்து, அதைக் காப்பாற்ற இயலாமற்போனது.

கிராஸ் கன்ட்ரிக்குப் பின், ஷோ ஜம்பிங்குக்கு முன், எல்லாக் குதிரைகளும் கால்நடை மருத்துவர் முன்னும் நடுவர்கள் முன்னும் கொண்டுவரப்படும். சேணமின்றி, கடிவாளத்தைப் பிடித்தபடி வீரர் உடன் ஓட, குதிரை சமதளத்தில் நேராக ஓடிக்காட்ட வேண்டும். நடையில் சிறு நொண்டல் தெரிந்தாலும் அக்குதிரை விலக்கப்படலாம். முந்தைய நாள் முதலிடத்தில் இருந்ததா என்பது அங்கே எடுபடாது.

ஃபவாத்தும் மெடிகாட்டும் இச்சோதனையைக் கடந்து, ஷோ ஜம்பிங்கில் 8 புள்ளிகள் சேர்ந்தபோதும் 47.20 என்னும் மொத்தத்துடன் இறுதிச் சுற்றுக்குரிய 25 பேரில் ஒருவராயினர். இந்தியர் ஒருவர் ஒலிம்பிக் குதிரையேற்ற இறுதிச் சுற்றில் தாண்டியது அதுவே முதன்முறை. முடிவில் 59.60 புள்ளிகளுடன் 23ஆம் இடம் கிடைத்தது.

இந்தச் சோதனையைப் பற்றி எங்கள் பிரிவில் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வதுண்டு. குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது. வலியை அது தன் நடையில் காட்டிவிடும். "எனக்கு ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது" என்று அதனால் கூற முடியாது. நம் நோயாளிகளால் முடியும். அவர்கள் கூறவும் செய்கிறார்கள். கூலி போகிறதே, வண்டிக்கடன் நிற்கிறதே, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டுமே என்னும் கவலைகளால் அவர்கள் வலியை மறைக்கிறார்கள். அக்கவலைகள் உண்மையானவை. ஆனால் மூளை அவற்றை அறியாது. குணமாகத் தனக்கு வேண்டிய காலத்தை அது எடுத்தே தீரும்.

வீரம் என்று போற்றப்பட்டது

விழுந்தவர் உடனே எழுந்து மீண்டும் ஏறுவதை இவ்விளையாட்டும் ஒரு காலத்தில் வீரமென்றே போற்றியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மானியப் படை அதிகாரி கோன்ராட் ஃபான் வாங்கன்ஹைம் கிராஸ் கன்ட்ரியில் விழுந்து காறை எலும்பு முறிந்தார். ஆயினும் மீண்டும் ஏறி ஓட்டத்தை முடித்தார். மறுநாள் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்தார். குதிரை மீண்டும் சரிந்து விழ, மீண்டும் ஏறி முடித்தார். அவருடைய அணி தங்கம் வென்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 45 வயதான ஆஸ்திரேலிய வீரர் பில் ராய்கிராஃப்ட் விழுந்து காறை எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்களின் அறிவுரையை மீறி வெளியேறி, மறுநாள் தடைகளைத் தாண்டினார். அவருடைய அணியும் தங்கம் வென்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இன்றும் வியப்புடன் நினைவுகூரப்படுகின்றன. ஆனால் பிழைத்தவர்களின் கதைகளே வீரக்கதைகளாக நிலைக்கின்றன என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லியாக வேண்டும். 1999ஆம் ஆண்டில் பிரிட்டனில் மட்டும் இவ்விளையாட்டில் ஐந்து வீரர்கள் உயிரிழந்தனர். ஓடிவரும் குதிரையின் முன்கால்கள் தடையில் மோதி, குதிரை குட்டிக்கரணமாகப் புரண்டு வீரரின் மேல் விழுவதே இத்தகைய விபத்துகளுள் மிகக் கொடியது.

அதன் பின் விளையாட்டு தன்னைத் திருத்திக்கொண்டது. பலமாக மோதினால் தாமே கழன்று இறங்கும் முளைகள் தடைகளில் பொருத்தப்பட்டன. தலைக்கவசத்தோடு உடற்கவசமும் இன்று கட்டாயம். இன்று கிராஸ் கன்ட்ரியில் வீரர் விழுந்தால் அவருடைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. எழுந்து நின்று, நலமாக இருக்கிறேன் என்று சொன்னாலும், மருத்துவர் பார்த்து ஒப்புதல் அளிக்காமல் வேறொரு குதிரையிலும் அவர் ஏற முடியாது. முடிவெடுக்கும் பொறுப்பு அடிபட்டவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அடிபட்ட மூளை தன் நிலையைத் தானே சரியாகக் கணிக்காது என்பதே அதற்குக் காரணம்.

ஒரு கண்ணின் துணையோடு

டோக்கியோவில் அணிக்கான தங்கத்தை வென்றது பிரிட்டன். அவ்வணியின் மூவருள் ஒருவரான லாரா காலெட்டின் வாழ்க்கை, நீண்ட சிகிச்சையில் இருப்போர் அறிய வேண்டிய ஒன்று. 1989இல் பிறந்த அவர், இளையோர் போட்டிகளில் பல பதக்கங்கள் வென்று வளர்ந்தவர். 2013 ஜூலையில் ஒரு போட்டியில் குதிரையோடு புரண்டு விழுந்தார். தோள் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை காயமுற்றன. ஆறு நாட்கள் மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டிருந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் வலக்கண்ணின் பார்வை திரும்பவில்லை.

இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு படங்களை மூளைக்கு அனுப்புகின்றன. அவற்றை ஒப்பிட்டே மூளை அருகிலுள்ள பொருளின் தொலைவை அளக்கிறது. ஒரு கண் போனால் இந்த அளவுகோல் போய்விடும். தம்ளரில் நீர் ஊற்றுவதும், படியில் கால் வைப்பதும், ஊசியில் நூல் கோப்பதும் தடுமாற்றமாகும். ஆனால் மூளை காலப்போக்கில் வேறு குறிப்புகளைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. தலையை அசைக்கும்போது அருகிலுள்ள பொருள் விரைவாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகர்வது, பழகிய பொருளின் பருமன், நிழல் விழும் இடம் ஆகியவை அத்தகைய குறிப்புகள். இக்கற்றலுக்கு மாதங்கள் ஆகும், பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும்.

பாய்ந்தோடும் குதிரையின் மேலிருந்து தடையின் தொலைவை அளக்க வேண்டிய தொழிலில் இருந்தவர் லாரா. விபத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடின. 2022இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பேட்மிண்டன் குதிரையேற்றப் போட்டியில், லண்டன் 52 என்னும் குதிரையில் 21.4 என்னும் சாதனைக் கணக்குடன் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் அணித் தங்கமும், தனிநபர் வெண்கலமும் பெற்றார்.

எல்லாரும் இவ்வாறு திரும்பிவிடலாம் என்று நாங்கள் கூறவில்லை, அது உண்மையுமன்று. அவருடைய வலக்கண்ணின் பார்வை இன்றும் இல்லை. இழந்தது திரும்பாத நிலையிலும், எஞ்சியதைக் கொண்டு உடலும் மூளையும் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கே அவரை எடுத்துக்காட்டுகிறோம்.

எங்கள் விடையில் இருந்த குறை

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், முப்பது வயதைக் கடந்த ரிக் வண்டித் தொழிலாளி ஒருவர் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து வந்தார். தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். சில நிமிடங்கள் நினைவிழந்திருந்தார். சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. இரண்டு நாட்களில் வீட்டுக்கு அனுப்பினோம். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில் மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே "ஓய்வு" என்று ஒரே சொல் எழுதியிருந்தோம்.

ஸ்கேன் சரியாக இருக்கிறதென்றால் மூளைக்கு ஒன்றுமில்லை என்றே அவர் புரிந்துகொண்டார். அவரை மட்டும் குறை கூற முடியாது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வில், மூளையின் அமைப்பு படத்தில் மாறாமல் இருந்தாலும் அதன் செயல்பாடு குலைந்திருக்கும் என்பதை நாங்கள் விளக்கிச் சொல்லவில்லை. தலைவலியும் கிறுகிறுப்பும் தொடர்ந்தன. ஆறாம் நாள், வண்டி வெளிமாநிலத்துக்குப் புறப்படுகிறது என்று அழைப்பு வந்தது. போகாவிட்டால் அந்தப் பயணத்தின் கூலி முழுவதும் போய்விடும். "சரியாயிடுச்சு" என்று மனைவியிடம் கூறிவிட்டு வண்டியை எடுத்தார். வளைவொன்றில் தலை சுற்றி மீண்டும் விழுந்தார். இம்முறை மூளையில் இரத்தக்கசிவு. அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காக்க முடிந்தது. ஆனால் பேச்சு தெளிவாக மாதங்கள் பல ஆயின; வலக்கையின் வலிமை முழுமையாகத் திரும்பவில்லை. ரிக் தொழிலுக்கு அவரால் செல்ல இயலவில்லை. இப்போது மனைவியோடு சேர்ந்து சிறு மளிகைக்கடை நடத்துகிறார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அவருடைய மனைவி பழைய குறிப்பை எங்களிடம் நீட்டினார். "ஓய்வுன்னு எழுதியிருக்கீங்க சார். எத்தனை நாளைக்குன்னு எழுதலைங்களே" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. எங்களிடம் அதற்கு விடையும் இல்லை.

அதன் பின் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். தலைக்காயத்துக்குப் பின் வீட்டுக்குச் செல்லும் எவரையும், குதிரையை நடத்திப் பார்ப்பது போலவே, நடையில் நேர்க்கோட்டில், குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லிப் பார்க்கிறோம். "எப்படி இருக்கிறது?" என்று அவரிடம் மட்டும் கேட்காமல், உடனிருப்பவரையும் தனியே கேட்கிறோம். எந்த நாளில் என்ன செய்யலாம் என்பதைத் தமிழில் எழுதி, குடும்பத்தாரோடு சேர்ந்து படித்துக்காட்டுகிறோம்.

படிப்படியாகத் திரும்புதல்

சிறிய அளவிலான தலைக்காயத்துக்குப் பின், விளையாட்டு வீரர்களைப் போலவே நம் நோயாளிகளும் படிப்படியாகத் திரும்புவதே நன்று. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாளாவது கொடுக்க வேண்டும். தலைவலியோ கிறுகிறுப்போ கூடினால், முந்தைய படிக்கு இறங்கி மறுநாள் மீண்டும் முயல வேண்டும்.

முதற்படி: முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் அமைதியான ஓய்வு. எழுந்து நடமாடலாம், உண்ணலாம், உறங்கலாம். கைப்பேசியும் தொலைக்காட்சியும் மிகக் குறைவாகவே இருக்கட்டும். முதல் 24 மணி நேரம் ஒருவர் உடனிருக்க வேண்டும். மது கூடாது, எங்களைக் கேளாமல் தூக்க மாத்திரையும் கூடாது.

இரண்டாம் படி: வீட்டு வாசலிலும் தெருவிலும் சிறு நடை, இலேசான வீட்டு வேலை. நாட்கணக்கில் இருட்டறையில் படுத்தே கிடப்பதும் நன்மை தராது.

மூன்றாம் படி: நீண்ட நடை, கணக்கு எழுதுதல் போன்ற உட்கார்ந்து செய்யும் வேலை. மாணவராயின் சில மணி நேரம் பள்ளி. விளையாட்டு இன்னும் வேண்டா.

நான்காம் படி: அரை நாள் வேலை. உயரத்தில் ஏறுவதும், ஓடும் இயந்திரத்தின் அருகில் நிற்பதும், சுமை தூக்குவதும் கூடா.

ஐந்தாம் படி: முழு வேலை. வண்டி ஓட்டுவது மட்டும் மருத்துவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே. லாரி, பேருந்து, ரிக் ஓட்டுவோர் இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வலிப்பு வந்தவர்களுக்கும் தலையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இக்காலம் மேலும் நீளும்.

பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவர். சிலருக்கு மேலும் காலமாகும். மறதி, எரிச்சல், உறக்கக்குறைவு, வெளிச்சத்தைக் காணக் கூச்சம் ஆகியவை மூளை இன்னும் குணமாகிக்கொண்டிருப்பதன் அடையாளங்கள். அவற்றைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ வீட்டில் எவரும் கருதிவிட வேண்டா.

ஓய்வுக்கும் விலை உண்டு என்பதை அறிவோம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர், விதிகளுக்கு உட்பட்டு, ஊதியத்தின் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை நோய்க்கால உதவியாகப் பெறலாம். காப்பீடு இல்லாதவர்கள் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். இந்த நாட்களில் செய்யத்தக்க இலேசான வேலை எது என்று உங்கள் முதலாளிக்கு எழுதிக்கொடுப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு, தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். ஆகவே செலவை எண்ணி முதல் மணி நேரத்தை வீணாக்க வேண்டா.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

வீட்டுக்குச் சென்ற பின் கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்: மேலும் மேலும் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, குழப்பமான நடத்தை, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல். முதியவர்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போருக்கும், சில வாரங்கள் கழித்தும் இரத்தக்கசிவு வெளிப்படலாம். விழுந்து மூன்று வாரமாயிற்றே என்று அலட்சியம் செய்யாதீர்கள்.

தலைக்கவசம் பற்றி ஒரு சொல். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குங்கள். தாடைப் பட்டையை மாட்டுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே கீறலின்றித் தோன்றினாலும் உள்ளே நசுங்கியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள். குதிரையேற்ற வீரர்களும் அவ்வாறே செய்கின்றனர்.

ஃபவாத் மிர்சாவுக்கு டோக்கியோவில் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் காயமுற்றிருந்த குதிரை குணமாகும் வரை பொறுத்து, அதன் மேலேறிச் சென்று, மூன்று தேர்வுகளையும் முடித்து, இருவரும் நலமாகக் களத்திலிருந்து திரும்பினர். அடுத்த முறை எங்களிடம் "எப்போது வண்டி எடுக்கலாம்?" என்று கேளுங்கள். நாளையும் படியையும் எழுதியே தருவோம். அந்தத் தாளை வீட்டில் எல்லாரும் பார்க்குமிடத்தில் ஒட்டி வையுங்கள். "சரியாயிடுச்சு" என்று உங்கள் வீட்டுக்காரரோ மகனோ சொன்னால், அந்தத் தாளை ஒருமுறை பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.